சுவாச வெடிப்பு

சுவாச வெடிப்பு என்பது, நோய்க்கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள் சில நிமிடங்களுக்குள் மிகுதியான ஆக்சிசனை உட்கொள்ளும் நிகழ்வு ஆகும். பெயரில் சுவாசம் என்றிருந்தாலும் இந்த ஆக்சிசன் ஆற்றல் பெறுவதற்குப் பயன்படுவதில்லை. என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேசு என்னும் நொதி இதனைச் சூப்பராக்சைடாக மாற்றுகிறது. அதிலிருந்து உருவாகும் ஐதரசன் பெராக்சைடு முதலியவை கிருமிகளை அழிக்க உதவுகின்றன.

வரலாறு

1933 இல் பால்ட்ரிட்ச், செரார்டு ஆகியோர் நாயின் வெள்ளையணுக்கள் நுண்ணுயிரிகளை விழுங்கும்போது ஆக்சிசன் நுகர்வு உயர்வதை அளந்தறிந்தனர். உயிரணுச் சுவாசத்தைத் தடுக்கும் சயனைடு இந்த உயர்வைத் தடுக்கவில்லை எனப் பின்னர் அறியப்பட்டது. 1961 இல் ஐயர், இசுலாம், குவாசுடல் ஆகியோர் ஐதரசன் பெராக்சைடு உருவாவதையும், 1973 இல் பாபியோர் குழுவினர் சூப்பராக்சைடு உருவாவதையும் காட்டினர்.

அளவிடும் முறைகள்

- ஆக்சிசன் மின்முனை: கரைசலில் குறையும் ஆக்சிசனை நேரடியாக அளக்கிறது.
- என்.பி.டி. சோதனை: இளமஞ்சள் சாயம் சூப்பராக்சைடினால் கருநீலமாகிறது. நீலமான அணுக்கள் நுண்ணோக்கியில் எண்ணப்படுகின்றன. எளியது, ஆயினும் முடிவு பார்ப்பவரின் கணிப்பைப் பொறுத்தது.
- டி.எச்.ஆர். சோதனை: ஒளிராத சாயம் பெராக்சைடின் செயலால் பச்சையாக ஒளிர்கிறது. பாய்வு அணுவளவி ஆயிரக்கணக்கான அணுக்களைத் தனித்தனியே அளக்கிறது. எனவே ஒளிரும் அணுக்களும் ஒளிராத அணுக்களும் கலந்துள்ள, நோய்க் குறைபாட்டைக் கடத்தும் தாயையும் கண்டறியலாம்.

மருத்துவப் பயன்

இந்நொதி பிறவியிலேயே செயலற்றிருப்பது நாட்பட்ட கிரானுலோமா நோய் ஆகும். வெள்ளையணுக்களின் எண்ணிக்கை போதிய அளவில் இருந்தும் அவை விழுங்கிய சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் உயிருடன் எஞ்சுகின்றன. எனவே அணுக்களை எண்ணும் வழக்கமான இரத்தப் பரிசோதனை மட்டும் இந்நோயைக் காட்டாது. மாதிரியைக் காலந்தாழ்த்தாது சோதிப்பது இன்றியமையாதது. நெடுநேரம் வைக்கப்பட்ட அணுக்கள் செயலிழந்து தவறான முடிவைத் தரக்கூடும்.

இந்தியாவில்

சென்னை கிண்டியில் 1948 இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் நிறுவப்பட்டது. காசநோய்க்கு எதிரான இத்தடுப்பூசி இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இடப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் இது உயிருள்ள, வலுக்குறைந்த பாக்டீரியாவைக் கொண்டது. ஆதலால் இந்நோயுள்ள குழந்தைக்குத் தொற்றை உண்டாக்கக்கூடும். தடுப்பூசி பிறந்தவுடன் இடப்படுவதால் நோய் பெரும்பாலும் அதன் பின்னரே அறியப்படுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் உறுதியாகியிருந்தால், அடுத்த குழந்தையைத் தடுப்பூசிக்கு முன்னரே சோதித்தறிய இயலும். 2021 இல் வெளியான பன்மைய ஆய்வொன்று இந்தியாவில் 236 நோயாளிகளைப் பதிவு செய்தது. தடுப்பு மருந்துகளால் தொற்றுகளைக் குறைக்கலாம். குருத்தணு மாற்றுச் சிகிச்சையால் குணப்படுத்தவும் இயலும்.