சுக்காங்கீரை

சுக்காங்கீரை (ரூமெக்ஸ் வெசிகாரியஸ்) பாலிகோனேசியே குடும்பத்தைச் சேர்ந்த, புளிப்புச் சுவையுள்ள ஓராண்டுக் கீரை. வட ஆப்பிரிக்காவிலும் தென்மேற்கு ஆசியாவிலும் தானாக வளர்வது, தென்னிந்தியாவில் பயிரிடப்படுகிறது. லின்னேயஸ் 1753இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். செம்பருத்தி இனமான புளிச்சகீரை வேறு.

இலைகள் சதைப்பற்றுடன், ஏறக்குறைய முக்கோண வடிவில், நீண்ட காம்புடன் இருக்கும். கனியைச் சூழ்ந்த சவ்வுகள் இளஞ்சிவப்பாக உப்பி நிற்கும்.

விதையை மேலாகத் தூவி மெல்லிய மண்ணால் மூடினால் போதும். நீர் தேங்காத, மட்கிய எரு கலந்த மண் ஏற்றது. வெயில் கடுமையானால் விரைவில் பூத்து இலை முற்றிவிடும். பூந்தண்டைக் கிள்ளுவது இதைச் சற்றே தள்ளிப்போடும். வெளியிலைகளை மட்டும் பறித்தால் நடுக்குருத்து தொடர்ந்து துளிர்க்கும்.

புளிப்புக்கு முதன்மைக் காரணம் ஆக்சாலிக் அமிலம். ஆகவே பருப்புடன் கடையும்போது புளி அநேகமாகத் தேவைப்படாது. ஈயம் பூசாத பித்தளையும் இரும்பும் ஆகா, மண்சட்டியே நல்லது. வேகும்போது அமிலத்தால் பச்சையம் சிதைந்து இலை பழுப்புப் பச்சையாவது இயல்பு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நலம். ஐரோப்பியச் சமையலில் இடம்பெறுவது இதே பேரினத்துப் பல்லாண்டுச் செடியான ரூமெக்ஸ் அசெட்டோசா. பிரான்சில் அதைச் சூப்பிலும் மீனுக்கான சாஸிலும் சேர்ப்பர்.