பேசா வாணிகமும் தீட்டிய இரும்பும்
ஈழத்து வேடரின் அம்புத்தலை குறித்து ஒரு நோக்கு

ஈழத்தின் பழங்குடியினராகிய வேடரைப் பற்றி எழுதப்பட்டவை பல. அவர்தம் சமயம், குலமுறை, மொழி, உடலமைப்பு ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், அவர்தம் வாழ்வினைத் தாங்கி நின்ற ஒரு சிறு பொருள் போதிய கவனத்தைப் பெறவில்லை. அம்பின் முனையிற் பொருத்தப்பட்ட இலைவடிவான இரும்பலகே அப்பொருளாகும். அருங்காட்சியகப் பட்டியல்களில் அது பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றது. வேடர் அவ்வலகினை எவ்வாறு பெற்றனர், அதன் வடிவத்தைத் தேர்வதிலும் கூரினைப் பேணுவதிலும் எத்தகைய அறிவு அடங்கியுள்ளது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரும்பு உருக்கத் தெரியாமையால் வேடர் கற்கால மனிதரின் எச்சமே என்று முன்னைய எழுத்தாளர் சிலர் கொண்ட முடிபு எவ்வளவு பொருந்தும் என்பதும் இவ்வாராய்ச்சியின் வழியே தெளிவாகும்.

1. நொக்ஸ் தரும் சான்று

ஆங்கிலேய மாலுமியான றொபேட் நொக்ஸ் 1660 ஆம் ஆண்டில் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரப் பகுதியில், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தபின் 1679 இல் தப்பிச்சென்று, மன்னார்ப் பகுதியில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், வேடரைப் பற்றிச் சில பக்கங்களையே கொண்டது. எனினும் அம்புத்தலையின் வரலாற்றுக்கு அதனிலும் சிறந்த பழஞ்சான்று நமக்கு வேறில்லை.

நொக்ஸ் கூறும் செய்தியின் சாரம் வருமாறு: அம்பு வேண்டிய வேடர் இரவில் கொல்லனுடைய பட்டறைக்கு வருவர். வேட்டையிற் கிடைத்த இறைச்சியை அங்கே தொங்கவிடுவர். அதனருகே, தமக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் வெட்டப்பட்ட ஓர் இலையையும் தொங்கவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வடிவின்படி அலகினை அடித்து அதே இடத்தில் வைத்தால், மேலும் இறைச்சி கொணர்ந்து அவனுக்குக் கைம்மாறு செய்வர். செய்யாதுவிடின் என்றேனும் ஓர் இரவில் அம்பெய்து அவனுக்குத் தீங்கிழைப்பர்.

இருதரப்பாரும் முகம் பாராமல் நடத்திய இக்கொடுக்கல் வாங்கலைப் பேசா வாணிகம் எனலாம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈழத்திற்கு வந்த சீனத்துறவி பாகியனும், ஆதியில் இந்நாட்டில் வாழ்ந்த கண்ணுக்குப் புலனாகாதோர் பண்டங்களை விலைக்குறிப்போடு வைத்து வணிகரோடு வாணிகம் செய்தனர் என்னும் மரபுக்கதையைக் குறித்துள்ளார். அக்கதை வேடரையே சுட்டுகின்றதென்று துணிந்து கூற இயலாது. ஆயினும் இத்தகைய வாணிகம் பற்றிய நினைவு இத்தீவில் மிகப் பழையது என்பதற்கு அது சான்றாகும்.

நொக்ஸின் செய்தியை எடுத்தாண்டோர் பலரும் அதன் புதுமையில் ஈடுபட்டு, அந்த இலையை மறந்துவிட்டனர். வேடன் வெறுமனே இரும்பைக் கேட்கவில்லை. கொல்லன் விரும்பியதைப் பெற்றுச் செல்லவுமில்லை. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தோள் இவ்வாறு சரியவேண்டும் என்று அளவு குறித்துக் கொடுத்திருக்கின்றான். சொல்லின்றி, எழுத்தின்றி, ஓர் இலையில் வெட்டிய வரைபடம் அது. அடித்தவன் கொல்லன், வடிவத்தை வகுத்தவன் வேடன்.

2. இரும்புக்கு முன்

ஈழத்தில் வில்லின் வரலாறு இரும்பின் வரலாற்றினும் மிக நீண்டது. சுவிற்சர்லாந்து அறிஞர்களான சரசின் உறவினர் இருவர் 1907 இல் இங்குள்ள குகைகளை அகழ்ந்து, படிகக் கல்லாலான கருவிகளைக் கண்டு, 1908 இல் நூலாக வெளியிட்டனர். பின்னர் பி. ஈ. பி. தெரணியகலை, சிரான் தெரணியகலை ஆகியோரின் ஆய்வுகள் அக்கற்காலப் பண்பாட்டை விளக்கமுறச் செய்தன. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையிற் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்த குழுவினர் 2020 இல் வெளியிட்ட முடிபின்படி, அவற்றுட் சில அம்பு முனைகளாகப் பயன்பட்டவை. அவற்றின் காலம் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. குரங்கு, அணில் முதலிய மரவாழ் உயிர்களை வேட்டையாட அவை உதவின என்பர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு பயன்பட்டமைக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்றாகும்.

எனவே, இரும்பின்றியும் ஈழத்துக் காடுகளில் நெடுங்காலம் வேட்டை நடைபெற்றது என்பது வெளிப்படை. அவ்வாறாயின், வேடன் இறைச்சியைச் சுமந்துகொண்டு இரவில் ஊர்ப்புறம் வரவேண்டிய தேவை யாது? கல்லினும் எலும்பினும் இரும்பு கூரியது என்பதே பலரும் கூறும் விடை. இவ்விடை ஆராயத்தக்கது.

3. கல்லும் இரும்பும்

இவ்வினாவிற்கு ஈழத்துக்கு வெளியே நிகழ்ந்த ஒரு சோதனை விடையளிக்கின்றது. வட அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், தம் இனத்தவர் அனைவரையும் இழந்து தனித்து வாழ்ந்த யாகி இனத்தவர் ஒருவர் 1911 இல் வெளியுலகை வந்தடைந்தார். இஷி என்று அழைக்கப்பட்ட அவர் 1916 இல் மறையும்வரை சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அவருக்கு மருத்துவராயிருந்த சாக்ஸ்டன் போப், அவரிடமே வில்வித்தையைப் பயின்று 1923 இல் நூல் எழுதினார். பல்வகை அம்புமுனைகளை எய்து அவர் செய்த சோதனைகளில், எரிமலைக் கண்ணாடியாலான கல்முனை உருக்கு முனையினும் ஆழமாக ஊடுருவக் கண்டார். செவ்வையாகச் சிதைக்கப்பட்ட கல்லின் விளிம்பு, தீட்டிய உலோகத்தினும் நுண்ணியதாக அமைதல் கூடும்.

ஈழத்துப் படிகக் கல் எரிமலைக் கண்ணாடி அன்று. அதனைச் சிதைப்பதும் எளிதன்று. எனினும் போப்பின் சோதனை ஓர் உண்மையை உணர்த்துகின்றது. இரும்பின் சிறப்பு அதன் கூர்மையில் இல்லை. கல்முனை எலும்பிற் பட்டால் நொறுங்கும்; நொறுங்கியதைச் சீர்செய்வது அரிது. இரும்பலகு வளையும், மழுங்கும். ஆனால் அதனை நிமிர்த்தலாம், மீண்டும் தீட்டலாம். கல்லின் கூர் ஒருமுறைக்கு உரியது; இரும்பின் கூர் மீளத் தரத்தக்கது. வேடன் கொல்லனை நாடியது கூரிய பொருளை வேண்டியன்று, மீண்டும் மீண்டும் கூராக்கத்தக்க பொருளை வேண்டியே என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

4. வடிவத்தைத் தேர்தல்

அம்பு விலங்கைக் கொல்லும் முறை வேறு. துப்பாக்கிக் குண்டு கொல்லும் முறை வேறு. குண்டு தன் வேகத்தால் உடலைத் தாக்கிச் சிதைக்கும். அம்போ மெதுவாகச் செல்வது. குருதிக் குழாய்களை அறுத்துக் குருதிப்போக்கினாலேயே உயிரைப் போக்குவது. நஞ்சு தோய்ந்த அம்பாயின், தோலைத் துளைக்கும் சிறுமுனையே போதும். அகன்ற அலகை வேண்டுவோன் அறுப்பினையே நம்புகின்றான் என்பது தெளிவு.

அகலம் மிகுந்தால் அறுபடும் பரப்பும் மிகும். ஆயின் ஊடுருவும் ஆழம் குறையும். அகன்ற அலகு பறக்கும்போது சிறகுபோற் காற்றை ஏற்று அம்பைத் திசைமாற்றுவதும் உண்டு. நீண்டு ஒடுங்கிய அலகு குறைந்த விசையோடும் ஆழச்செல்லும். ஆயின் அறுப்பு சிறிது. நுனி மிக மெலிந்தால் எலும்பிற் பட்டு மடியும். பின்னோக்கிய கொக்கிகள் இருப்பின் அம்பு உடலில் தங்கும். தோள்கள் சரிந்த இலைவடிவமாயின் அதனை உருவியெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். இரும்பு அரிதாகக் கிடைக்கும் காட்டில் பின்னதே சிக்கனமானது.

வேடரின் வில் ஏறத்தாழ ஆறடி நீளமுடையது. அம்புத்தண்டு சிங்களத்தில் வெலன் எனவும் தமிழில் வினாங்கு எனவும் வழங்கும் மரத்திலிருந்து செய்யப்பட்டது. அதன் அடியில் மயிலிறகு கட்டப்பட்டது. முன்னே கனத்த அகன்ற அலகு இருக்குமாயின், அதனை நேர்வழிப்படுத்தப் பின்னே பெரிய இறகு வேண்டும். அலகும் தண்டும் இறகும் ஒன்றையொன்று அளந்து அமைவன. ஆதலின் கொல்லனுக்கு விடப்பட்ட இலை, ஒருவனுடைய தன்விருப்பைக் காட்டுவது மட்டுமன்று. அவனது வில்லின் வலிமையையும் அவன் நாடிய விலங்கின் அளவையும் உள்ளடக்கிய கணிப்பாகும்.

5. தீட்டுதல்

உலையிலிருந்து வந்த அலகு அப்படியே வேட்டைக்கு உதவாது. அதன் இரு விளிம்புகளும் கல்லில் தீட்டப்படவேண்டும். மழுங்கிய அலகு குருதிக் குழாயை அறுக்காமல் ஒருபுறம் தள்ளிவிட்டுச் செல்லும்; பிய்ந்த புண்ணிற் குருதி விரைவில் உறையும். கூரிய அலகினால் நேராக அறுந்த புண்ணில் குருதி நில்லாது ஒழுகும். முன்னதில் விலங்கு காயத்தோடு நெடுந்தொலைவு ஓடி, காண்பாரின்றிப் பல நாள் வருந்தி இறக்கும். வேடனின் குடும்பமும் பசியோடிருக்கும். பின்னதில் குருதித் தடத்தைப் பின்பற்றி வேடன் விரைவில் அதனை அடைவான். எனவே தீட்டுதல் விலங்குக்கும் மனிதனுக்கும் ஒருங்கே செய்யப்படும் கடமையாகும்.

தீட்டும் முறையின் அடிப்படை எங்கும் ஒன்றே. முதலிற் சொரசொரப்பான கல்லிலும் பின்னர் மென்மையான கல்லிலும், நீர் தெளித்து, ஒரே சாய்வு மாறாமல் அலகினை இழுத்தல் வேண்டும். சாய்வு குறைந்தால் விளிம்பு மெலிந்து கூர் மிகும். ஆயின் எலும்பிற் பட்டதும் மடங்கும். சாய்வு கூடினால் விளிம்பு தடித்து நெடிது நிற்கும். அறுக்கும் திறன் குறையும். கரிச்சத்துக் குறைந்த மெல்லிரும்பு மிக மெலிந்த விளிம்பைத் தாங்காது; ஆதலின் இரண்டிற்கும் இடைப்பட்ட சாய்வே அதற்கு ஏற்றது. ஒரு பக்கத்தைத் தீட்டும்போது மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். இருபக்கமும் மாறிமாறித் தீட்டி அதனை நீக்காவிடின், முதல் அறுப்பிலேயே விளிம்பு மடியும். இருபக்கத்திலும் சமமாகத் தேய்க்காவிடின் அலகின் நிறை ஒருபுறம் சாய்ந்து அம்பின் போக்கும் கோணும். தீட்டிய இரும்பு மழைக்காட்டின் ஈரத்தில் விரைவிற் துருவேறும் என்பதனால், அதற்கு நெய்ப்பூச்சும் வேண்டும்.

ஒவ்வொரு தீட்டலும் சிறிது இரும்பைத் தின்னும். பல பருவங்கள் பயன்பட்ட அலகு, பிறந்தபோது இருந்த அகலத்தை இழந்து ஒடுங்கும். அருங்காட்சியகங்களிலுள்ள வேடர் அம்புகளை அளந்து வகைப்படுத்துவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். ஒடுங்கிய அலகெல்லாம் ஒடுங்கியதாகவே அடிக்கப்பட்டவை அல்ல; அவற்றுட் சில, நீண்ட உழைப்பின் இறுதி வடிவங்களாகவும் இருக்கலாம்.

6. வேடனும் கொல்லனும்

ஈழத்தின் இரும்புத்தொழில் உயர்ந்த நிலையில் இருந்தது. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவேவாவில், பருவக்காற்றின் விசையால் இயங்கிய உலைகள் உயர்கரி உருக்கையும் விளைவித்தன என்பதை கில் ஜுலெப் 1996 இல் வெளியிட்டார். அவ்வுலைகள் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டுவரை இயங்கியவை. இத்தகைய தொழிலாளர் வாழ்ந்த நாட்டில் வேடன் தானே உலை அமைக்காமை அறியாமையின் விளைவன்று, தொழிற்பிரிவின் விளைவு. உழவனும் தன் கொழுவைத் தானே உருக்குவதில்லை. அதனால் அவனைக் கற்கால மனிதன் என்பாரில்லை.

அரசும் இவ்வுறவில் இடம்பெற்றது. வேடர் யானைத்தந்தம், தேன், மெழுகு, மான் இறைச்சி ஆகியவற்றை அரசனுக்குத் திறையாகத் தந்தனர் என்றும், அவற்றுக்கு ஈடாக அம்பும் துணியும் பெற்றனர் என்றும் நொக்ஸ் கூறுகின்றார். காட்டின் விளைபொருளுக்கு அம்பே கைம்மாறாக வழங்கிற்று.

செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதி 1911 இல் வெளியிட்ட நூல் மற்றொரு பரிமாணத்தைக் காட்டுகின்றது. நீண்ட இரும்பலகும் குறுகிய மரப்பிடியும் கொண்ட அவுதே என்னும் சடங்கு அம்பினை வேடர் போற்றிவைத்திருந்தனர். வேட்டையில் துணைநிற்கும் கந்தே யக்காவுக்குரிய கிரிகொரஹச் சடங்கில் ஆடுவோன் அதனைக் கையிலேந்தி ஆடினான். வெளியாரிடம் பெற்ற இரும்பு முன்னோர் வழிபாட்டின் நடுவிடத்தை அடைந்தமை, அது அவர்தம் வாழ்விற் பெற்ற மதிப்பை உணர்த்தும்.

7. முடிவு

1983 இல் மதுரு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானைப் பகுதி வேடரின் வேட்டை நிலங்கள் அதனுள் அடங்கின. குடும்பங்கள் பல ஹெனானிகலைக்குக் குடியேற்றப்பட்டன. ஊருவரிகே திசாஹாமி முதலிய சிலர் செல்ல மறுத்துத் தம்பானையிலேயே தங்கினர். அவர் 1998 இல் மறைந்தார். இன்று தம்பானையில் வருவோர்க்கு வில்லெய்து காட்டுவதுண்டு. குறியை நோக்கி எய்வதற்கு ஒரு முனை போதும், கூர் வேண்டியதில்லை. கூர் வேண்டாதவிடத்துத் தீட்டலும் இல்லை. தீட்டல் இல்லாதவிடத்து வடிவத்தைத் தேரும் கணிப்பும் மெல்ல மறையும்.

வனவிலங்குகளைக் காத்தல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு மக்களின் கைத்தொழிலறிவு அவர்தம் நிலத்தோடு பிணைந்தது என்பதையும், நிலம் அடைக்கப்படும்போது அவ்வறிவும் உடன் அடைபடுகின்றது என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். எஞ்சியுள்ள முதியோரிடமிருந்து அம்பு செய்யும் முறையையும் தீட்டும் முறையையும் அவர்தம் சொற்களிலேயே பதிவுசெய்வது பல்கலைக்கழகங்களின் உடனடிப் பணியாகும். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் தமிழ் பேசி வாழும் வேடரிடையே இப்பணியைத் தொடங்கும் வாய்ப்பு நம் மாணவர்க்கு உண்டு. அருங்காட்சியகங்கள் இரும்பைக் காத்துத் தரும். அதனை இலையில் வகுத்துக் கல்லிற் கூராக்கிய அறிவை, அதனை உடையோர் வாழும்போதே கேட்டறிதல் வேண்டும்.