ஆறாவது பிரசவமும் அம்பேத்கரின் இரண்டு கோரிக்கைகளும்



புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை. ஆறாவது பிரசவத்துக்கு வந்திருந்த நம் சேரி அக்காவிடம், "இன்னுமா போதும்னு தோணல?" என்று கேட்டார் பணியில் இருந்தவர். அக்கா தலைகுனிந்தார். ரத்த அளவை அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள். முதலில் ஏச்சு, அப்புறம் சிகிச்சை. இந்த வரிசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

"பெத்துப் பழகின உடம்பு, சுலபமா பெத்துடுவா" என்பார்கள். அது தவறு என்று 1934லேயே டப்ளின் மகப்பேறு மருத்துவர் பெத்தெல் சாலமன்ஸ் எழுதினார். பல பிரசவம் கண்ட கருப்பை, குழந்தை பிறந்தபின் சரியாகச் சுருங்காமல் போகலாம்; ரத்தப்போக்கு நிற்காது. நஞ்சுக்கொடி கீழிறங்கி வழியை அடைக்கலாம், குழந்தை குறுக்கே கிடக்கலாம். இடைவெளியில்லாமல் பெற்றால் தாய்க்கு ரத்தசோகை கூடும். குழந்தை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறக்கலாம். ஆனால் நல்ல உணவும், தொடர்ந்த பரிசோதனையும், ரத்த வசதியுள்ள மருத்துவமனையும் கிடைத்தால் இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. அதாவது, எண்ணிக்கை மட்டும் கொல்வதில்லை. கவனிப்பின்மையும் சேர்ந்தே கொல்கிறது.

எத்தனை பெறுவது என்பதை யார் முடிவு செய்தார்கள்? 1954 வரை புதுச்சேரியை ஆண்ட பிரான்சு, முதல் உலகப்போரில் இழந்த மக்கள்தொகையை ஈடுகட்ட, 1920இல் தன் நாட்டில் கருத்தடைப் பிரச்சாரத்தையே குற்றமாக்கியது. அரசுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். நெருக்கடி நிலைக் கால இந்தியாவுக்கோ பிள்ளைகள் வேண்டாம். 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. பிடிபட்டவர்களில் அதிகம் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள்.

இந்த இரண்டு வழிகளுக்கும் மாறாகப் பேசியவர் பாபாசாகேப். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில், பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்தார். 1938 நவம்பரில் கருத்தடை வசதி கோரும் தீர்மானத்தை அவர் சார்பில் பி.ஜே. ரோஹம் கொண்டுவந்தார், அது தோற்றது. பெறும்போது பாதுகாப்பு, வேண்டாம் என்றால் அதற்கான வழி. இரண்டையும் சேர்த்தே கேட்டார்.

அரசு இரண்டையும் பிரித்தது. 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம், நம் பகுதி போன்ற இடங்களில் உதவித்தொகையை இரண்டு பிரசவங்களோடு நிறுத்தியது. 2013இல்தான் அந்த நிபந்தனை நீங்கியது. 2017இல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டுமே என்றது. 2022இல் இரண்டாவது குழந்தையும் சேர்ந்தது, அதுவும் பெண்ணாகப் பிறந்தால். ஆபத்து அதிகமுள்ள ஐந்தாவது, ஆறாவது பிரசவத்துக்காரி கணக்கிலேயே இல்லை.

1823இல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. மருத்துவம் நமக்குத் தூரமில்லை, மரியாதைதான் தூரம்.

களத்துக்குப் போகும் தோழர்கள், "எத்தனை பிள்ளை?" என்பதை ஏச்சாகக் கேட்காதீர்கள், பாதுகாப்புக்காகக் கேளுங்கள். ரத்த அளவு பார்த்தாச்சா, பிரசவம் பார்க்கும் இடத்தில் ரத்தம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அடுத்தது வேண்டுமா என்று அக்காவிடமே கேளுங்கள். கருத்தடை பற்றிக் கணவரிடமும் பேசுங்கள்.