இந்தியாவில் மருந்தாளுநர் கல்வியின் வரலாறு

மருந்தாளுநர் கல்வி என்பது மருந்துகளைத் தயாரித்தல், தரம் பார்த்தல், பாதுகாத்தல், நோயாளிக்கு முறையாக வழங்குதல் ஆகியவற்றைக் கற்பிக்கும் துறையாகும். தமிழ்நாட்டில் இது பார்மசி படிப்பு என்றே பரவலாக அறியப்படுகிறது.

கம்பவுண்டர் காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து கலந்து கொடுத்தவர் கம்பவுண்டர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே மருந்து கலப்போருக்குப் பயிற்சி தரப்பட்டது. ஆனால் பெரும்பாலானோர் மருத்துவருக்கு உதவியாக இருந்தே தொழில் கற்றனர். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் முதியவர்களைக் கேட்டால் மிக்ஸர் சீசாவை நினைவுகூர்வார்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டு அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும். அந்த அளவு தவறினால் நோயாளியைக் காக்க வேறு ஏற்பாடு எதுவும் இல்லை.

கலப்பட மருந்தும் விசாரணையும்

மலேரியாவுக்குக் கொய்னாவே அன்று முக்கிய மருந்து. அதற்கான சின்கோனா மரங்கள் நீலகிரியிலும் வளர்க்கப்பட்டன. எனினும் போலியான, வீரியம் குறைந்த கொய்னா சந்தையில் விற்கப்படுவதாகப் புகார்கள் பெருகின. இதனால் 1930இல் ஆர்.என்.சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களும் தேவை என்று 1931இல் அது அறிக்கை அளித்தது. 1940இல் மருந்துச் சட்டம் வந்தது.

பட்டப் படிப்பின் தொடக்கம்

பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் பாடங்களைத் தொடங்கினார். 1937இல் அங்கு பி.பார்ம் படிப்பு உருவானது. இந்திய மருந்தாளுநர் கல்வியின் தந்தை என்று அவர் போற்றப்படுகிறார்.

1948 சட்டம்

1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டம் இத்துறையின் திருப்புமுனை. அதன்படி 1949இல் இந்திய மருந்தாளுநர் மன்றம் அமைந்தது. பாடத்திட்டம், கல்லூரி அங்கீகாரம் ஆகியவை அதன் பொறுப்பு. ஐந்தாண்டு மருந்து கலந்த அனுபவம் உள்ளவர்களும் முதல் பதிவேட்டில் இடம்பெற வழி இருந்தது. படிப்பு இல்லாத பழைய கம்பவுண்டர்களின் பிழைப்பை இது காத்தது. பதிவு பெற்றவரே மருந்து வழங்கலாம் என்னும் 42ஆம் பிரிவோ, 1976 திருத்தத்திற்குப் பின் எட்டாண்டு அவகாசம் முடிந்து, 1984 செப்டம்பர் முதல்தான் சட்டம் பொருந்திய எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தியது.

1991ஆம் ஆண்டு விதிகள் டி.பார்ம் பட்டயத்திற்கு +2 அறிவியல் தேர்ச்சி, இரண்டு ஆண்டுப் படிப்பு, 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி ஆகியவற்றை வகுத்தன. 2008இல் ஆறு ஆண்டுப் பார்ம்.டி படிப்பு அறிமுகமானது. இதில் மாணவர் மருத்துவமனையில் நோயாளிகளிடையே பயிற்சி பெறுகிறார்.

மதுரையில்

1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியில் பின்னர் மருந்தியல் கல்லூரியும் அமைந்தது. எர்ஸ்கின் மருத்துவமனை என்று முன்பு அழைக்கப்பட்ட அரசு இராசாசி மருத்துவமனை இதன் மாணவர்களுக்குப் பயிற்சிக் களம். நகரைச் சுற்றித் தனியார் கல்லூரிகளும் உள்ளன. 1992இல் மதுரையில் உருவான அரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்சுகளையும் கண் மருந்துகளையும் தயாரிக்கிறது.

இன்றைய நிலை

கல்வி வளர்ந்தது, நடைமுறை அதே அளவு வளரவில்லை. சில கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்கும். மருந்தை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மாத்திரைப் பெயர்கள் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர் அங்கே இல்லாமலிருப்பது ஆபத்து. கடையில் மருந்தாளுநர் யார் என்று கேட்பதும், சாப்பிடும் முறையை அவரிடமே விளக்கச் சொல்வதும் வாடிக்கையாளரின் உரிமை. கொய்னா காலத்தில் தொடங்கிய அக்கறை முழுமை பெறுவது அந்தக் கேள்வியில்தான்.