தீவுக் கரையில் வலையிழுத்தோர்

திருப்பதி என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது ஏழுமலை. அவ்வூரிலும் சித்தூரிலும் குடியேறி வாழ்கின்ற தமிழ் மக்களுள் பலர், கடலைக் காணவேண்டுமாயின் சென்னைக்குத்தான் செல்லவேண்டும் என்று எண்ணுவர். ஆயினும் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபொழுது, பழைய நெல்லூர் மாவட்டத்துச் சூளூர்ப்பேட்டைப் பகுதியும் அதனுள் வந்து சேர்ந்தது. அதனால், மலைக்குப் பெயர்பெற்ற ஒரு மாவட்டம் கடற்கரைக்கும், பரந்ததோர் உவர்நீர் ஏரிக்கும், ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவுக்கும் உரியதாயிற்று. அத்தீவின் கரையிலும் அதனையடுத்த நீரிலும் மீன் பிடித்து வாழ்ந்தோரின் வரலாற்றையே இங்கே நாம் நோக்கப் புகுகின்றோம்.

கிழக்கே வங்கக்கடல், மேற்கே பழவேற்காட்டு ஏரி, இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டே ஸ்ரீஹரிகோட்டா. உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்த பெருமை இந்தியாவில் இவ்வேரிக்கே உண்டு. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரங்களின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இவ்விரு நீரும் கலக்கும் இடத்திலேதான் இறாலும், மடவையும், கொடுவாவும், கிழங்கானும் செழித்து வளர்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின் ஏரியின் வாழ்வும் தூர்ந்துவிடும். இதனைப் படித்தறிய வேண்டிய தேவை கரையிலுள்ளோருக்கு இல்லை.

கடற்புறத்தில் கையாளப்பட்ட பெருமுறை கரைவலை. அதனைப் பெரியவலை என்றும் வழங்குவர். வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் நிற்போரிடம் கொடுத்துவிட்டு, படகு அலையைக் கடந்து செல்லும். வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டே சென்று, சற்றுத் தொலைவில் மறுமுனைக் கயிற்றுடன் கரைக்கு மீளும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றினால் தைத்துச் செய்த படகே முன்னாளில் இதற்குப் பயன்பட்டது. அலை மோதினும் அது வளைந்து கொடுக்குமேயன்றி உடையாது. பிறகு இரு அணியினர் இரு கயிறுகளையும் பற்றி இழுப்பர். கைகளாக விரிந்த பகுதியில் கண் பெரிதாகவும், நடுவிலுள்ள மடியை நெருங்க நெருங்கக் கண் சிறிதாகவும் வலை அமைந்திருக்கும். நெத்தலியும் சாளையும் அம்மடியில் வந்து குவியும். முப்பது நாற்பது பேர் ஒரே மூச்சாக இழுத்தாலன்றி இவ்வலை கரையேறாது. ஆகவே ஒருவன் தனித்து நின்று செய்யக்கூடிய தொழிலன்று இது. வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் அலை மிகுந்திருக்கும். அப்பொழுது வலை ஓய்ந்திருக்கும்.

ஏரிப்புறத்திலோ முறை வேறு. அங்கே வலையைக் காட்டிலும் இடமே பெரிது. நீர் ஏறி இறங்கும் வழியில் கழிகளை ஊன்றி வலை கட்டத்தக்க இடங்கள் சிலவே. அவ்விடங்களை யார், எந்நாளில் பயன்படுத்துவது என்னும் வினாவுக்குப் பட்டினவர் கண்ட விடையே 'பாடு' என்னும் ஏற்பாடு. பாடு என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருளுண்டு. கிடைத்த மீனின் அளவையும் மீன்பாடு என்றே கூறுவர். இங்கோ அது முறையையும் உரிமையையும் ஒருங்கே குறிக்கும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில், பெரியோர் கூடிச் சீட்டெடுத்து, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று வகுத்தனர். திருமணமான ஆண்மகன் பங்குக்கு உரியவனாவான். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது, சுழன்று வரும். இலங்கையிலும் கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்றே தமிழர் வழங்குவது ஈண்டு நினைக்கத்தக்கது. 1613இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர், பின்னர் ஆங்கிலேயர் வந்தனர், அவர்களும் சென்றனர். பாட்டு முறையோ நின்றது.

எனினும் அம்முறையை நாம் அளவுக்கு மீறிப் புகழ்தல் ஒல்லாது. தம்முள்ளே நடுநிலை காத்தவர்கள், தம் கூட்டத்திற்குப் புறம்பானோருக்கு அந்நீரை அடைத்தே வைத்தனர். இறால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகி விலை ஏறியபொழுது, புறத்தே நின்றோரும் பங்கு கேட்டனர், பூசல்கள் மூண்டன.

அவ்வாறு புறத்தே நின்றவர்களுள், வலையும் படகும் இல்லாதவர் இருந்தனர். தீவிலே யானாதியர்; ஏரியின் தென்புறத்திலே இருளர். பனையோலையால் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றுநீரில் தவழ்ந்து, இறாலைக் கையாலேயே தடவிப் பிடிக்கும் இருளப் பெண்களின் திறம் வியப்பிற்குரியது. யானாதியரோ காட்டுக்கும் நீருக்கும் ஒருங்கே உரியவர். தேனெடுத்தனர், துணிக்குச் சிவப்பேற்றும் சாயவேரை அகழ்ந்தனர். 1835இல் ஆங்கில அரசு ஸ்ரீஹரிகோட்டாவைத் தன் நேர் ஆட்சியில் எடுத்துக்கொண்டபின், காட்டுப் பொருள்களைத் திரட்டித் தருவோராக அவர்களை வைத்துக்கொண்டது. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் இவர்களைக் குறித்து விரிவாகப் பேசுகிறது. ஆயினும் அவர்கள் நின்ற கரைக்கு ஓலையோ பட்டாவோ எவரும் எழுதித் தரவில்லை.

அக்குறையின் விளைவு பின்னாளில் தெரிந்தது. 1969இல் ஏவுகணைத் தளத்திற்கு இத்தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9ஆம் நாள் ரோகிணி என்னும் சிறு ஏவுகணை இங்கிருந்து விண்ணிற் பாய்ந்தது. நாடு பெருமை கொண்ட நாள் அது. நாமும் பெருமை கொள்கின்றோம். ஆனால் தளத்திற்கு இடம் வேண்டித் தீவிலிருந்த குடும்பங்கள் பல பெயர்க்கப்பட்டன என்பதையும் உடன் கூறாவிடின் இவ்வரலாறு பாதி வரலாறேயாகும். சூளூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்கு ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை நீரோட்டத்தையும் தடுத்தது.

இதற்கு முன்பே நீரின்மேல் இன்னொரு கோடும் விழுந்திருந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபொழுது, ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி சென்னை மாநிலத்திலும் அமைந்தன. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்கள் சில சித்தூர் மாவட்டத்தோடு இணைந்தன. நிலத்திலே கல்நட்டு எல்லை காட்டலாம். மடவை மீன் எந்தக் கல்லைக் கண்டு திரும்பும்? இரு மாநில மீனவரும் எல்லை கடந்து வலை வீசியதாக ஒருவரையொருவர் குறை கூறுவதும், அதிகாரிகள் இடையே வந்து அமைதி பேசுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்து வருகின்றன. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் கரையாதலின், வழக்கு மொழியைப் பற்றியதன்று. வலை கட்டும் இடத்தைப் பற்றியதே.

குளிர்காலத்தில் பூநாரைகளைக் காண்பதற்கென்று திருப்பதியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மக்கள் சூளூர்ப்பேட்டைக்கு வருகின்றனர். நம் நேயர்களும் ஒருமுறை சென்று வரலாம். அப்பறவைகள் நிற்கும் ஆழமற்ற நீரைச் சற்று உற்று நோக்கினால், சேற்றைத் துழாவிக்கொண்டு குனிந்திருக்கும் மனிதரையும் அங்கே காணக்கூடும்.