குட், பெட்டர், பெஸ்ட்: விதிவிலக்குகளின் வரலாறு

ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் போட்ட பட்டியல் ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்வீட், ஸ்வீட்டர், ஸ்வீட்டஸ்ட் என்று வாய்பாடு போல ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். பக்கத்தின் அடிப்பகுதியில் திடீரென்று குட், பெட்டர், பெஸ்ட் என்று தடம் மாறும். ஏன் என்று கேட்டால், "அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆனால் காரணமே இல்லாமல் ஒரு மொழி இப்படித் தடம் மாறுவதில்லை.

முதலில் ஒழுங்கான சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'மிக இனிய' என்பதற்கு ஆங்கிலத்தில் ஸ்வீட்டஸ்ட். அதற்குச் சமஸ்கிருதத்தில் ஸ்வாதிஷ்ட. பழைய கிரேக்கத்தில் ஹேடிஸ்டோஸ். மூன்றின் ஈற்றிலும் 'இஸ்ட்' என்ற ஒலி கேட்கிறதல்லவா? வசிஷ்டர், சிரேஷ்டர், கனிஷ்டர் என்று நாம் எடுத்தாளும் வடசொற்களில் இருப்பதும் இதே உச்சநிலை விகுதிதான். நாம் கேட்டை என்று சொல்லும் நட்சத்திரத்தின் வடமொழிப் பெயரான ஜ்யேஷ்டாவுக்கு 'எல்லாரினும் மூத்தவள்' என்பது பொருள். ஆங்கில 'எஸ்ட்' விகுதிக்கும் இதற்கும் மூதாதை ஒன்றே. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று சர் வில்லியம் ஜோன்ஸ் 1786-ஆம் ஆண்டு கல்கத்தா ஆசியக் கழகத்தில் பேசினார். ஆங்கிலத்தின் உறவு மொழியான கோத்தியமும் அதே மூலத்தினதாக இருக்கலாம் என்றார். தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இச்சொற்கள் நமக்குக் கடனாக வந்தவை.

அப்படியானால் ஒப்புநிலையில் வரும் 'எர்' எங்கிருந்து வந்தது? அதுவும் அதே விகுதிதான் என்றால் வியப்பீர்கள். ஆதியில் அதில் இருந்தது ஸகரம். ஆங்கிலத்தின் முன்னோர் மொழியில், உயிரொலிகளுக்கு இடையே அகப்பட்ட ஸகரம், சொல்லழுத்தம் அதற்கு முந்தைய அசையில் விழாத இடங்களில், வண்டின் ரீங்காரம் போல அதிரத் தொடங்கியது; பிறகு ரகரமாகவே ஆகிவிட்டது. உச்சநிலையிலோ ஸகரத்தை அடுத்து டகரம் நின்று காத்ததால் மாற்றம் நேரவில்லை. 'வாஸ்' என்பதன் பன்மை 'வேர்' ஆனதும் இந்த ஒலிமாற்றத்தால்தான். இதன் விதியைக் கண்டு சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் (1846–1896).

இன்னொரு ஒலிமாற்றத்தை நாம் நம் வாயிலேயே கேட்கலாம். 'இலை' என்று எழுதிவிட்டு 'எலை' என்கிறோம்; 'உலகம்' பேச்சில் 'ஒலகம்' ஆகிறது. அடுத்த அசையின் உயிர் முதல் உயிரைத் தன் பக்கம் இழுப்பதே காரணம். ஆங்கிலத்தின் தொல்வடிவத்தில் இகரம் இப்படித்தான் முந்தைய அசையின் அகரத்தை எகரமாக்கியது. அதனால் 'ஆல்டு' (முதிய) என்பதன் ஒப்புநிலை 'எல்ட்ரா'. இன்றைய ஓல்டு, எல்டர் என்ற ஜோடி அதன் எச்சம். பழங்காலத்தில் எல்டர் தனியாக இல்லை. லாங் என்பதற்கு லெங்ரா, ஸ்ட்ராங் என்பதற்கு ஸ்ட்ரெங்ரா என்று வேறு சொற்களும் இருந்தன. 1400-இல் மறைந்த கவிஞர் சாசரின் எழுத்தில்கூட 'லெங்கர்' வருகிறது. பின்னர் மக்கள் அவற்றையெல்லாம் சமப்படுத்திவிட்டார்கள். குடும்பத்தில் மூத்தவரைக் குறிக்கும் சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. தினமும் புழங்கும் பாத்திரம் எளிதில் உருமாறாது.

இப்போது பெட்டர் என்ற சொல்லுக்கு வருவோம். நான்காம் நூற்றாண்டில் ஆயர் வுல்பிலா செய்த கோத்திய பைபிள் மொழிபெயர்ப்பில் இதன் பழைய வடிவம் 'பட்டிஸா' என்று இருக்கிறது. ரீங்கரிக்கும் ஸகரம் அப்படியே நிற்கிறது. அகரம் எகரமாகி, ஸகரம் ரகரமானால் பெட்டர் வந்துவிடுகிறது. ஆக, விதிவிலக்கு என்று பெயர் வாங்கிய இச்சொல் ஒலிவிதிகளுக்கு முற்றிலும் கட்டுப்பட்டே வந்திருக்கிறது. 'நல்ல' என்ற முதல் நிலைக்கு வேறு வேரிலிருந்து பிறந்த குட் வந்து உட்கார்ந்திருப்பதுதான் குழப்பம்.

நியர் என்ற சொல்லின் கதை இதைவிட வேடிக்கையானது. அருகில் என்பதற்கு முதலில் இருந்த சொல் 'நை'. அதன் ஒப்புநிலை நியர், உச்சநிலை நெக்ஸ்ட். நாளடைவில் நியர் என்பதே முதல் நிலை என்று மக்கள் எண்ணிவிட்டார்கள். அதன்மேல் இன்னொரு 'எர்' ஏற்றி நியரர் என்றார்கள். ஒப்புநிலைக்கே ஒப்புநிலை! இதைத் தவறு என்று எந்த ஆசிரியரும் அடிப்பதில்லை.

ஆனால் 'மோர் பெட்டர்' என்று எழுதிப் பாருங்கள், சிவப்பு மை பாய்ந்துவிடும். தமிழில் நாம் பெயரடையை மாற்றுவதில்லை. 'விட', 'காட்டிலும்' என்ற சொற்களே வேலையைச் செய்கின்றன. 'இன்னும் நல்லது' என்ற எண்ணத்தில் நம் மாணவன் மோர் பெட்டர் என்கிறான். ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து மோர், மோஸ்ட் ஆகியவை பெயரடைக்கு முன் பரவின. 1066-இல் நார்மானியர் வென்ற பிறகு வந்த பிரெஞ்சின் தாக்கம் என்பார் பலர். ஆங்கிலத்திலேயே வித்து இருந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும், புதிய முறையும் பழைய விகுதியும் ஒன்றாகவே கைகோத்து வந்தன. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் 'மோர் பெட்டர்' உண்டு. அவருடைய நண்பர் பென் ஜான்சன் எழுதி, அவர் இறந்த பின் 1640-இல் வெளியான இலக்கண நூல் இந்த இரட்டிப்பைக் கிரேக்கரைப் பின்பற்றிய நயம் என்றே பாராட்டுகிறது.

நயம் பிழையானது பதினெட்டாம் நூற்றாண்டில். பாதிரியார் ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட இலக்கணம் இரட்டிப்பைக் கண்டித்தது. அதற்கு முன்பே, 1755-ஆம் ஆண்டு அகராதியில் சாமுவேல் ஜான்சன் 'லெஸ்ஸர்' என்பதைச் சிதைந்த வடிவம் என்று இகழ்ந்திருந்தார். லெஸ் என்பதே ஒப்புநிலை அல்லவா? ஆனால் லெஸ்ஸர் இன்றும் நன்றாக வாழ்கிறது. அதே குற்றம் செய்த வோர்ஸர்தான் ஏட்டு வழக்கிலிருந்து தள்ளுபடியானது. இந்தத் தீர்ப்பில் நியாயம் தேடிப் பயனில்லை. லௌத்தும் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தார். பழைய சங்கீத மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறிக்கும் 'மோஸ்ட் ஹையஸ்ட்' தகும் என்றார், கடவுள் உச்சத்துக்கும் மேலானவர் என்பதால்.

சிறிய சொல்லுக்கு எர், நீண்ட சொல்லுக்கு மோர் என்ற பங்கீடும் மெல்ல மெல்ல உறுதிப்பட்டதுதான். மில்டன் 1667-இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்' காவியத்தில் மூன்று அசை கொண்ட 'விர்ச்சுவஸ்' என்ற சொல்லோடு எஸ்ட் சேர்த்திருக்கிறார். இரண்டு அசைச் சொற்களில் வழக்கு இன்னும் முடியவில்லை. காமன், பொலைட், கிளெவர் போன்றவற்றுக்கு எர் சேர்த்தாலும் சரி, முன்னால் மோர் போட்டாலும் சரி என்று அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் மதிப்பெண் போகும்.