முதுகுத்தண்டு ஆபரேஷன்: மயக்கத்தில் இருப்பவரின் கால் நரம்பு வேலை செய்கிறதா என்று எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

"முதுகுல ஆபரேஷன் பண்ணா கால் விளங்காம போயிடுமாமே?" முதுகெலும்பு வளைவை நிமிர்த்த வேண்டும், தண்டுவடத்தில் இருக்கும் கட்டியை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பல குடும்பங்களில் எழும் முதல் கேள்வி இதுதான்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. காலை அசைக்கச் சொல்லும் மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாகத்தான் போகிறது. அது நசுங்கினாலோ, அதற்குப் போகும் ரத்தம் குறைந்தாலோ வாதம் வரலாம். ஆனால் நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பதால், பாதிப்பு வந்தாலும் அவரால் சொல்ல முடியாது. அதை ஆபரேஷன் நடக்கும்போதே காட்டிக்கொடுக்கும் சோதனைதான் 'மோட்டார் இவோக்டு பொட்டன்ஷியல்', சுருக்கமாக எம்.இ.பி.

முன்பு என்ன செய்தார்கள்?

1973-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் வோசெல், ஸ்டன்யாரா குழுவினர் ஒரு வழியைச் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு நடுவில் மயக்கத்தைக் குறைத்து, நோயாளியை எழுப்பி, 'காலை அசைங்க' என்று கேட்பதுதான் அது. அசைத்தால் நிம்மதி. ஆனால் அந்த ஒரு நிமிட நிலைமை மட்டுமே தெரியும். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

பிறகு எஸ்.எஸ்.இ.பி. என்ற சோதனை வந்தது. காலில் லேசான மின்தூண்டல் கொடுத்து, அது மூளைக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பார்கள். இதிலும் ஒரு சிக்கல். இது சோதிப்பது உணர்ச்சிப் பாதையை. அந்தப் பாதை தண்டுவடத்தின் பின்பக்கம் இருக்கிறது. அசைவுக்கான பாதை பக்கவாட்டிலும் முன்பக்கத்திலும் போகிறது. ரத்தம் கொடுக்கும் குழாய்களும் வேறு வேறு. அதனால் இந்தச் சோதனை 'எல்லாம் சரி' என்று காட்டியும், எழுந்தபோது கால் அசையாத நோயாளிகள் உண்டு.

எம்.இ.பி. எப்படி வேலை செய்கிறது?

இங்கே சோதனை மேலிருந்து கீழே போகிறது. தலைத்தோலில் சிறிய மின்முனைகளைப் பொருத்தி, அசைவுக்கான மூளைப்பகுதியை மின்சாரத்தால் தூண்டுவார்கள். அந்தக் கட்டளை தண்டுவடம் வழியே இறங்கி, கை, கால் தசைகளில் வைத்த மெல்லிய ஊசிகளில் அலையாகப் பதிவாகும். அலை வந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

மண்டை ஓட்டைத் திறக்காமலே மூளையைத் தூண்டி தசையை அசைக்க முடியும் என்று 1980-ல் இங்கிலாந்தின் மெர்டன், மார்டன் இருவரும் காட்டினார்கள். ஆனால் மயக்கத்தில் இருப்பவருக்கு ஒரு துடிப்பு போதவில்லை. 1990-களில் சில மில்லி வினாடி இடைவெளியில் ஐந்தாறு துடிப்புகளைத் தொடர்ச்சியாகக் கொடுக்கும் முறை வந்த பிறகுதான், இது ஆபரேஷன் தியேட்டரில் நன்றாகப் பயன்பட ஆரம்பித்தது.

ஷாக் அடிக்காதா?

சில நூறு வோல்ட் கொடுக்கப்பட்டாலும், ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும். மயக்கத்தில் இருப்பதால் வலி தெரியாது. தாடைத் தசையும் இறுகுவதால் நாக்கு கடிபடலாம். அதற்காகவே வாயில் மென்மையான தடுப்பு வைக்கிறார்கள். வலிப்பு வருவது மிக அரிது. வலிப்பு நோய், பேஸ்மேக்கர், காக்ளியர் இம்பிளான்ட், தலையில் பழைய ஆபரேஷன் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மயக்க மருந்திலும் கவனம் தேவை. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் அலையே வராது. சுவாசிக்கும் மயக்க வாயுக்களும் அலையைக் குறைக்கும். அதனால் பெரும்பாலும் புரோபோஃபால் போன்ற மருந்துகளை ரத்தக்குழாய் வழியாகவே கொடுப்பார்கள்.

அலை திடீரென்று மறைந்தால்?

கண்காணிப்பவர் உடனே குரல் கொடுப்பார். சர்ஜன் கையை நிறுத்துவார். மின்முனை கழன்றுவிட்டதா, மயக்க மருந்து கூடிவிட்டதா என்று முதலில் பார்ப்பார்கள். ரத்த அழுத்தத்தை உயர்த்துவார்கள். கடைசியாகப் போட்ட ஸ்க்ரூவை எடுப்பது, நிமிர்த்திய வளைவைக் கொஞ்சம் தளர்த்துவது என்று செய்த வேலையைப் பின்னோக்கித் திருப்புவார்கள். பல நேரங்களில் அலை திரும்பிவிடும். நிரந்தர வாதமாக மாறும் முன் கிடைக்கும் இந்த அவகாசம்தான் எம்.இ.பி.யின் முழுப் பயன்.

இது இருந்தால் ஆபத்தே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. பொய் எச்சரிக்கைகள் வரும். ஒரே ஒரு நரம்பு வேர் பாதிக்கப்பட்டால் தவறவிடலாம், ஏனென்றால் ஒரு தசைக்குப் பல வேர்களில் இருந்து நரம்பு வருகிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் பாதிப்பையும் இது தடுக்காது. எல்லா முதுகு ஆபரேஷனுக்கும் இது தேவைப்படுவதும் இல்லை. வளைவை நிமிர்த்துவது, தண்டுவடக் கட்டி, அசைவுப் பகுதிக்கு அருகில் இருக்கும் மூளைக்கட்டி போன்றவற்றில்தான் அதிகம் பயன்படுகிறது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

இந்த ஆபரேஷனுக்கு நரம்புக் கண்காணிப்பு தேவையா? உணர்ச்சிப் பாதை மட்டுமா, அசைவுப் பாதையும் சேர்த்தா? தியேட்டரில் அதைப் பார்க்கத் தனியாகப் பயிற்சி பெற்றவர் இருப்பாரா? கட்டணம் பேக்கேஜில் சேருமா? கையெழுத்துப் போடும் முன் இந்த நான்கையும் தயங்காமல் கேட்டுவிடுங்கள்.